ஏடு தொடக்கிய பின்: வீட்டில் எழுத்துப் பயிற்றும் முறை

சிவமயம்

ஆண்டுதோறும் விசயதசமியிலும் தைப்பூசத்திலும் நம்மூர்க் கோயில்களிலும் பாடசாலைகளிலும் இல்லங்களிலும் சிறுபிள்ளைகளுக்கு ஏடு தொடக்கப்படுகின்றது. நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, விநாயகரை வணங்கி, தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றோம். அன்று மாலையே அவ்வரிசி அடுக்களைக்குப் போய்விடுகின்றது. அடுத்தநாள் தொடங்கி அப்பிள்ளை எதனை எழுதவேண்டும், எவ்வாறு எழுதவேண்டும், யாவர் எழுதுவிக்கவேண்டும் என்பவற்றை அறிந்த இல்லங்கள் மிகச் சிலவே.

சில பெற்றோர், “இனிப் பாடசாலை பார்த்துக்கொள்ளும்” என்று வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலர் மறுநாளே பென்சிலும் அப்பியாசப் புத்தகமும் வாங்கி, மூன்று வயதுப் பிள்ளையை மேசைமுன் இருத்தி, அகரமுதல் எழுத்தெல்லாவற்றையும் ஒரு மாதத்தில் எழுதி முடிக்கும்படி வற்புறுத்துகின்றனர். முன்னையோர் பிள்ளையின் இரண்டு வருடத்தை வீணாக்குகின்றனர். பின்னையோர் செய்வது அதனினும் கொடிது. எழுத்தென்றாலே முகஞ்சுளிக்கும் ஒரு மனநிலையை அவர்கள் பிள்ளையிடத்தே விதைத்துவிடுகின்றனர். அவ்விதை முளைத்தபின் அதனைக் களைதல் எத்துணை அரிதென்பதை முதலாந்தர ஆசிரியர் யாவரும் அறிவர்.

இவ்விரண்டுக்கும் நடுவே செவ்விய வழி ஒன்று உண்டு. அது நம் முன்னோர் கண்ட வழி. இக்காலக் கல்வியறிஞரும் உடன்படும் வழி. அதனைப் பெற்றோருக்கு எடுத்துக் கூறவேண்டியவர் ஆசிரியரே ஆதலின், அவர்களை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஏடு தொடக்குதலின் கருத்து

ஏடு தொடக்குதல் ஒரு தொடக்கம், பரீட்சை அன்று. அன்று எழுதப்படும் அகரத்தைப் பிள்ளை தானாக எழுதுவதில்லை. ஆசிரியருடைய கையோ தந்தையுடைய கையோ அதனை எழுதுகின்றது. பிள்ளையின் விரல் அக்கையோடு கூடச் செல்லுகின்றது. கல்வி என்பது பெரியோர் கைப்பற்றி நடத்த வருவதென்பதும், அது திருவருளை முன்னிட்டுத் தொடங்கற்பாலதென்பதும் அச்சடங்கினாற் புலனாம். ஆகவே, ஏடு தொடக்கிய பிள்ளை மறுநாள் அகரத்தைத் தனியே எழுதவில்லை என்று வருந்துதல், விதையிட்ட மறுநாள் கதிரைத் தேடுதலை ஒக்கும்.

ஏடு தொடக்குதல் பெரும்பாலும் மூன்றாம் வயதுக்கும் ஐந்தாம் வயதுக்கும் இடையிலே நிகழ்கின்றது. ஐந்து வயது நிறைந்த பின்னரே பிள்ளை முதலாந்தரத்திற் சேர்கின்றது. இவ்விடைக்காலத்திற் பிள்ளை முன்பள்ளிக்குச் செல்லினும், அங்குக் கழிக்கும் பொழுது சிறிது. வீட்டிற் கழிக்கும் பொழுதே பெரிது. 2020 மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீடே பள்ளியாகவும் தாயே ஆசிரியராகவும் வேண்டியதாயிற்று. அந்நாளிற் பிள்ளைக்கு எதனை எப்படிக் கற்பிப்பதென்று அறியாது கலங்கிய இல்லங்கள் பல. ஆசிரியர் முன்னரே வழிகாட்டியிருப்பின் அக்கலக்கம் பெரிதும் குறைந்திருக்கும்.

முன்னோர் முறை

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் முதற்கண் எழுத்தாணி பிடிக்கவில்லை. மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினர். வாயால் எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரல் அதன் வடிவை வரையும். மணலிற் பிழைத்தால் அழித்தல் எளிது. பிழை நின்று பிள்ளையை நாணச்செய்வதில்லை. மணலில் எழுத்து நன்கு படிந்தபின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன.

இம்முறையின் சிறப்பைப் பிறநாட்டாரும் கண்டு கைக்கொண்டனர். அந்திரு பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789 இல் சென்னையிலே, படைவீரரின் ஆண்மக்களுக்கென ஏற்பட்ட அநாதசாலையின் கண்காணிப்பாளராயினார். நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் நிலத்திலிருந்து மணலில் விரலால் எழுதுதலைக் கண்ட அவர், அதனைத் தம் சாலையிலும் புகுத்தினார். தாம் அங்கே செய்தவற்றை விரித்து 1797 இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அவர்முறை பின்னர்ச் “சென்னை முறை” என்ற பெயருடன் இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றிற் பரவியது.

அவருக்கு நூறாண்டின் பின் வந்த மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலிய தேசத்து மருத்துவர். 1907 இல் உரோமைநகரிற் குழந்தைகளுக்கென ஓரில்லந் தொடங்கி, சொரசொரப்பான தாளில் வெட்டியொட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவும்படி செய்தார். தடவும்போதே அவ்வெழுத்தின் ஒலியையும் சொல்லுவித்தார். கண், செவி, கை என்னும் மூன்றும் ஒருங்கே தொழிற்படின் எழுத்து மனத்திற் பதியும் என்பது அவர் கண்ட உண்மை. 1939 இற் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1946 வரை இந்தியாவிலிருந்து ஆசிரியர் பலரை அவர் பயிற்றினார். நம் திண்ணைப் பள்ளியின் மணலும், அவருடைய சொரசொரப்பான எழுத்தும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் என்பது தெளிவு.

நம் நாட்டிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்ததும், சிறுவர்க்கெனப் பாலபாடங்களை எழுதி அச்சிடுவித்ததும் நம் வாசகர் அறிந்தனவே. பிள்ளையின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பப் படிமுறையாகக் கற்பித்தல்வேண்டும் என்பது அப்பாலபாடங்களின் அமைப்பினாலேயே விளங்கும். அப்படிமுறையை நாம் புத்தகத்திற்கு முந்திய நிலைக்கும், அஃதாவது வீட்டுக்கும், கொண்டுசெல்லுதல் வேண்டும்.

கையின் பக்குவம்

எழுதுதல் அறிவின் தொழில் மாத்திரமன்று, கையின் தொழிலுமாம். மணிக்கட்டிலுள்ள சிற்றெலும்புகள் எட்டும் பிறக்கும்போது குருத்தெலும்புகளாகவே இருக்கின்றன. அவையெல்லாம் எலும்பாக முற்றுதற்கு ஏறக்குறையப் பன்னிரண்டு வயதாகும். ஆதலால், மூன்று வயதுக் கையைப் பெரியோர் கையென எண்ணி வேலைவாங்குதல் தகாது.

மூன்று வயதளவிற் பிள்ளை நெடுங்கோடும் கிடைக்கோடும் வட்டமும் வரையத் தொடங்கும். நான்கு வயதளவில் ஒன்றையொன்று கடக்கும் கோடுகளை வரையும். ஐந்து வயதளவிலே சதுரமும் முக்கோணமும் கைவரும். இது பொதுவாகக் கூறியது. பிள்ளைக்குப் பிள்ளை சில மாதம் முந்தியும் பிந்தியும் வருதல் இயல்பு. நெடுங்கோடே நேரே இழுக்கமாட்டாத கையிடம் ஈகாரத்தை எதிர்பார்த்தல் முறையாகுமா?

கையைப் பக்குவப்படுத்துதற்கு விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றுமில்லை; வீட்டுவேலையே போதும். ஆடிக்கூழுக்கு மா உருட்டும்போது பிள்ளையிடம் ஒரு பிடி மாவைக் கொடுத்து உருட்டித் தட்டச் சொல்லுக. பயற்றங்காயை உடைப்பிக்க. பூசைக்குப் பூக்கொய்யவும், கொய்ததை நாரில் தொடுக்க முயலவும் விடுக. முற்றத்திற் கோலமிடும்போது, புள்ளிக்குப் புள்ளி கோடிழுத்துச் சேர்க்கும் வேலையைப் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒருங்கே கொடுக்க. களிமண்ணைத் திரித்து நீளமாக்கி, அதனை வளைத்து எழுத்துருவாக்க. புளியங்கொட்டையை எழுத்தின் வழியே அடுக்குவிக்க. ஆயினும் சிறுபிள்ளைகள் அதனை வாயிலும் மூக்கிலும் இடுவராதலின், பெரியோர் பக்கத்திலிருத்தல் வேண்டும். இவ்வேலைகளிற் பழகிய விரல்கள் பின்னர் வெண்கட்டியையும் பென்சிலையும் தாமே செவ்வனே பிடிக்கும்.

வாய்க்கு ஒரு முறை, கைக்கு ஒரு முறை

நாம் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது இதுவே. நம் நெடுங்கணக்கின் வரிசை ஒலியிலக்கணத்தின்படி அமைந்தது. குறிலும் நெடிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. வல்லினமும் அதற்கினமாகிய மெல்லினமும் இணைந்து நிற்கின்றன. அவ்வரிசை வாய்க்கும் செவிக்கும் உரியது. பிள்ளை அதனைப் பாட்டுப்போல நாள்தோறும் சொல்லட்டும். அது நாவிற்கும் நன்று, பின்னர் இலக்கணங் கற்றற்கும் நன்று.

ஆனால், அவ்வரிசை கைக்காக அமைந்ததன்று. முதலில் நிற்கும் அகரத்தை நோக்குக. சுழியும் வளைவும் கிடைக்கோடும் நெடுங்கோடும் அதில் ஒருங்கு கூடியுள்ளன. அடுத்து வரும் இகரமும் ஈகாரமும் அதனினும் அரியன. மெய்வரிசையில் இரண்டாவதாக நிற்கும் ஙகரம் எழுதுதற்கு வருத்தந் தருவது. ஙகர வரிசையிற் பெரும்பாலான உயிர்மெய்கள் சொற்களிற் காணப்படுவதும் இல்லை. வரிசைப்படியே எழுதுவிக்கும் பெற்றோர், மலையின் செங்குத்தான பக்கத்தாற் பிள்ளையை ஏற்றுகின்றனர்.

“நெடுங்கணக்கின் ஒழுங்கை மாற்றலாமா? அது முன்னோர் வகுத்ததன்றோ?” என்று சிலர் ஐயுறலாம். ஒழுங்கை மாற்றவேண்டுவதில்லை. வாய் பழைய ஒழுங்கிலேயே சொல்லட்டும். கை மட்டும் எளியதில் தொடங்கி அரியதற்குச் செல்லட்டும். டகரம் மொழிக்கு முதலாகாது என்பது இலக்கணம். ஆயினும் கைக்கு அது முதலாகத் தக்கது. மேலிருந்து கீழே ஒரு கோடு, பின் வலப்புறமாக ஒரு கோடு, அவ்வளவே.

எண்ணிக்கையைக் கேட்டு அஞ்சுவாரும் உளர். தமிழெழுத்து 247 என்பது மெய்யே. ஆயினும், உயிர் 12, ஆய்தம் 1, மெய்க்குரிய அகரவடிவம் 18 ஆகிய 31 உருவங்களையும், புள்ளி, கால், இகரக்குறி, ஈகாரக்குறி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகிய 7 குறிகளையும் அறிந்த கை 211 எழுத்துக்களை எழுதவல்லது. ஒகர ஓகார ஔகார வரிசைகள் இவற்றைக் கூட்டுதலாலேயே வருவன. எஞ்சியவை உகர ஊகார வரிசைகளின் 36 எழுத்துக்களே. இக்கணக்கைப் பெற்றோருக்குச் சொல்லிக் காட்டுக. அவரது அச்சம் பாதி நீங்கும்.

பெயரும் ஒலியும்

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. “பானா, டானா, இம்” என்று கூட்டிச் சொல்லும் பிள்ளையிடம், “படம்” என்னுஞ் சொல்லை எதிர்பார்க்கின்றோம். பெயர்களின் கூட்டத்திலே அச்சொல்லின் ஒலி மறைந்துபோகின்றது, பிள்ளை திகைக்கின்றது. அதனைத் திகைப்பென்று கருதாது மந்தபுத்தி என்று கருதுவாரும் உளர்.

ஆதலால், வீட்டில் எழுத்தைக் காட்டும்போது முதலில் அதன் ஒலியையே சொல்லுக: ப, ட, ம். மூன்றையும் விரைந்து சேர்த்துச் சொல்லின் “படம்” தானே பிறக்கும். பெயர்களும், தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்னும் வேறுபாடும் பின்னர் வரட்டும். தகரத்தோடு வருவது தந்நகரம், டகரத்தோடு வருவது டண்ணகரம், றகரத்தோடு வருவது றன்னகரம் என அப்பெயர்களே எழுத்தின் சேர்க்கையை உணர்த்துகின்றன. பிள்ளை பந்து, வண்டு, கன்று என்னுஞ் சொற்களை எழுதும் பருவத்தில் அப்பெயர்களைக் கேட்டால் அவற்றின் பயன் தோன்றும். முன்னரே கேட்டால் வெறுஞ் சுமையாகும்.

எழுதுவிக்கும் படிகள்

முதற்படி: ட, ப, ம என்னும் மூன்றும், புள்ளியும். டகரத்தின் வலமுனையை மேலேற்றினாற் பகரம். பகரத்தின் வலப்புறத்தை உள்நோக்கி வளைத்தால் மகரம். ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைப் பிள்ளை கண்டு மகிழும். இம்மூன்றும் புள்ளியும் அறிந்தவுடனே படம், மடம், பட்டம், மட்டம் என்னுஞ் சொற்களை எழுதலாம். தைப்பொங்கற் காலத்தில் வானிற் பட்டம் பறக்கும் நாட்டிலே, பட்டம் என்று தன் விரலால் மணலில் எழுதிய பிள்ளைக்கு உண்டாகும் உவகையை நாம் விரித்துரைக்க வேண்டா.

இரண்டாம்படி: யகரமும் காலும். பகரத்தின் நடுவே ஒரு கோடு எழுந்தாற் போல்வது யகரம். இப்பொழுது பாடம், மாடம், மாமா, பாப்பா, பாய் என்பன எழுதலாம். வீட்டிலுள்ள பாயைத் தொட்டுக்காட்டி, அச்சொல்லை எழுதுவிக்க.

மூன்றாம்படி: சுழியில் தொடங்கும் வ, ல, ள, ன, ண. இவற்றைத் தொடங்குமுன் வெறுஞ் சுழியை மாத்திரம் இரண்டு மூன்று நாள் மணலிற் போடுவித்தல் நன்று. பின் வட்டம், வயல், பால், பல், மான், மண், மணல் என்பன எழுதுவிக்க. மணலிலேயே மணல் என்று எழுதுதல் பிள்ளைக்கு ஒரு விளையாட்டாகும். லகர ளகரமும் னகர ணகரமும் ஒலியிலும் வடிவிலும் நெருங்கியவை ஆதலின், அவற்றை ஒரே நாளிற் புகுத்தலாகாது. ஒன்று நன்கு படிந்தபின் மற்றதைத் தருக.

நான்காம்படி: க, ச, த, ந. மேற்கோடும் நிறுத்தக்கோடும் உடைய கூட்டம் இது. தகர நகரங்களின் வால் கீழிறங்கி வளைதலைக் காட்டுக. கல், கடல், காகம், தாய், நாய், நகம், தட்டம் முதலிய சொற்கள் மிகப் பலவாக வந்து குவியும். காகத்துக்குச் சோறு வைக்கும் பிள்ளை காகம் என்று எழுதட்டும்.

ஐந்தாம்படி: ர, ற, ழ. மரம், பழம், பனம்பழம் என்பன எழுதுவிக்க. கால் என்னுங் குறியின் அடியிற் சாய்வாக ஒரு கோடு பெற்றதே ரகரம் என்று காட்டுக. பழைய ஏடுகளிலே காலும் ரகரமும் ஒரே வடிவின. வேறுபாடு பின்னர் வந்தது. இவ்வரலாறு பிள்ளைக்கு வேண்டுவதன்று; அவ்விரண்டையும் மாறாடும் பிள்ளைமேற் சினவாதிருத்தற்கு ஆசிரியர்க்கு வேண்டுவது. ங, ஞ என்னும் இரண்டையும் இப்படியின் இறுதியிற் சேர்க்க. ஙகரத்தைப் புள்ளியோடு பங்கு, சங்கு முதலிய சொற்களிற் கண்ணாற் கண்டுகொள்ளுதல் இப்போதைக்கு அமையும்.

ஆறாம்படி: இகரக்குறியும் ஈகாரக்குறியும், பின் உயிரெழுத்துக்கள். குறிலை எழுதியபின் அதன் நெடிலை எழுதுவிக்க: உ, ஊ, எ, ஏ, அ, ஆ, ஒ, ஓ, இ, ஈ. எகரத்தின் அடியில் ஒரு சாய்கோடு இட்டால் ஏகாரம். உகரத்தின் அருகில் ளகரம் போன்ற ஒன்றை இட்டால் ஊகாரம். இங்ஙனம் காட்டின் எழுத்து மனத்தில் நிற்கும். இப்பொழுது அம்மா, அப்பா, மணி, கிளி, பனி என்பனவும், சிவம் என்பதும் கைவரும்.

கொம்புகளையும் ஐகாரக்குறியையும் வீட்டில் அவசரப்பட்டுத் தொடங்கவேண்டுவதில்லை. ஒலியிலே பின்வரும் உயிர், எழுத்திலே முன்வந்து நிற்பதால், அவை பிள்ளையைக் குழப்புவன. உகர வரிசையும் அவ்வாறே. அது மூன்று கூட்டமாக அமைந்தது: கு, டு, மு, ரு, ழு, ளு என 6, சு, பு, யு, வு, ஙு என 5, து, நு, று, லு, னு, ணு, ஞு என 7. இவற்றைப் பாடசாலையிலே கூட்டங்கூட்டமாகக் கற்பித்தல் எளிது. வீட்டில் இவ்வாறு படிகள் கற்றுவந்த பிள்ளை அங்கே விரைந்து பற்றிக்கொள்ளும்.

நாள்தோறும் செய்யத்தக்கது

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கால் மணித்தியாலம் மிகை. காலையிற் குளித்துத் திருநீறணிந்து சுவாமியை வணங்கியபின் எழுதப் பழகின், எழுத்தும் வழிபாடும் பிள்ளையின் மனத்தில் ஒன்றாய்ப் பிணையும். தாயார்க்குக் காலையில் ஓய்வில்லையாயின், மாலை விளக்கு வைத்தபின் செய்க. பாட்டியாரோ மூத்த தமக்கையோ செய்யினும் குற்றமில்லை.

முதலில் நேற்றைய எழுத்தைப் பெரியவர் ஒருமுறை மணலில் மெல்ல எழுதிக்காட்டுக. எங்கே தொடங்குகின்றது, எப்பக்கஞ் செல்கின்றது, எங்கே முடிகின்றது என்பதைப் பிள்ளை காணவேண்டும். எழுதி முடிந்த வடிவைக் காட்டுதல் போதாது. பின் அவ்வெழுத்தின்மேலேயே பிள்ளை விரலை ஓட்டுக. ஓட்டும்போது ஒலியைச் சொல்லுக. அதன்பின் பக்கத்திலே தனியே எழுதுக. மூன்று முறை எழுதினாற் போதும். முப்பது முறை எழுதுவித்தாற் கடைசி இருபதும் பிழையாகவே வரும், பிழையே பழக்கமாகும். முடிவில் வீட்டிலுள்ள ஒரு பொருளின் பெயரில் அவ்வெழுத்து வருவதைக் கண்டுபிடிக்கச் சொல்லி எழுவித்துவிடுக. “இன்னும் எழுதுவேன்” என்று பிள்ளை கேட்கும்போதே நிறுத்துதல் மிக நன்று. நாளை அது தானே வந்து அமரும்.

புதிய எழுத்து வாரத்திற்கு ஒன்றோ இரண்டோ போதும். மணலின் பின் கரும்பலகையும் வெண்கட்டியும். அதன்பின் கோடிடாத பெரிய தாள். கோடிட்ட அப்பியாசப் புத்தகம் இறுதியில். வெண்கட்டி சிறு துண்டாக இருப்பின், பிள்ளை அதனை உள்ளங்கையாற் பற்றாது விரல் நுனியாற் பிடிக்கும்.

பிழையும் திருத்தமும்

சிறுபிள்ளைகள் எழுத்தைக் கண்ணாடியிற் கண்டாற்போல இடவலம் மாற்றி எழுதுவதுண்டு. ஆறு ஏழு வயது வரை இது பல பிள்ளைகளிடத்துக் காணப்படும், நோயுமன்று, அறிவின்மையுமன்று. ஒரு குவளையைத் திருப்பி வைத்தாலும் அது குவளையே. எழுத்தைத் திருப்பினால் மாத்திரம் அது எழுத்தாவதில்லை என்பதைப் பிள்ளை மெல்லமெல்லவே உணரும். பிழையைச் சுட்டி நகைத்தல் வேண்டா. சரியான வடிவை மீண்டும் எழுதிக்காட்டுதல் போதும்.

இடக்கையால் எழுதும் பிள்ளைகளைப் பற்றி நம்மவரிடையே தவறான கருத்து வேரூன்றியுள்ளது. ஏறக்குறையப் பத்துப்பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவராகப் பிறக்கின்றனர். ஏடு தொடக்கும்போதும், திருநீறு வாங்கும்போதும், பெரியோரிடம் ஒன்று கொடுக்கும்போதும் வலக்கையை வழங்குதல் ஆசாரம், அதனைக் கற்பிக்க. எழுதும் தொழிலோ கையின் இயற்கையைப் பற்றியது. இடக்கையைக் கட்டியும் அடித்தும் வலக்கையால் எழுதுவித்தால், எழுத்தும் கெடும், பிள்ளையின் மனமும் கெடும். சமயாசாரத்தின் பெயரால் இக்கொடுமையைச் செய்தல் சமயத்துக்கே பழியாம்.

பிரம்பைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். அடிக்கு அஞ்சி எழுதிய எழுத்து, அடி நின்றவுடன் நின்றுவிடும். விரல்களில் அடிபட்ட பிள்ளை, விரலாற் செய்யும் தொழிலை எங்ஙனம் விரும்பும்?

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வீட்டிலுள்ள முதியோர் சிலர் ணா, றா, னா என்பவற்றையும், ணை, லை, ளை, னை என்பவற்றையும் பழைய வடிவில் எழுதுவர். தமிழ்நாட்டரசு 1978 இல் இவற்றையும், இவற்றைச் சார்ந்த ஒகர ஓகார எழுத்துக்களையும் சீர்திருத்தியது. நம் பாடநூல்களும் இப்பொழுது சீர்திருத்திய வடிவையே வழங்குகின்றன. எழுதுதற்குப் புதிய வடிவையே பயிற்றுக. ஆயினும் பழைய வடிவு பிழையென்று பிள்ளைமுன் முதியோரை இழித்துரையற்க. நம் வீடுகளிலுள்ள பழைய திருமுறைப் பதிப்புக்கள் அவ்வடிவிலேயே அச்சாகியுள்ளன. பிள்ளை வளர்ந்தபின் அவற்றை வாசித்தற்குப் பாட்டனாரே துணையாவார்.

ஆசிரியர் கடன்

இவற்றையெல்லாம் பெற்றோர் தாமே அறிந்து செய்வர் என்று இருத்தல் கூடாது. ஏடு தொடக்கும் நாளிலேயே, பெற்றோரை இருத்தி, அரை மணித்தியாலம் இம்முறையை எடுத்துரைக்க. ட, ப, ம என்னும் மூன்றையும் மணலில் எழுதிக்காட்டி, அவர்களையும் எழுதச்செய்க. கோட்டின் போக்கு வீட்டிலும் பாடசாலையிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கூலிவேலைக்குச் செல்லும் தாய்மாரிடம், “பிள்ளைக்கு ஒன்றும் கற்பிக்கவில்லையே” என்று குறைகூறற்க. மாலையிற் பத்து நிமிடம், முற்றத்து மணல், ஒரு விரல். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை என்று தைரியங் கூறுக. தாமே எழுதப்படிக்க அறியாத பெற்றோராயின், வாரத்திற்கு ஓரெழுத்தை அவர்களுக்கும் கற்பிக்க. பிள்ளையோடு தாயும் கற்பாள்.

வேற்றுநாடுகளிற் குடியேறிய நம்மவர் வீடுகளுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அங்கே பிள்ளை பாடசாலையிலே தமிழெழுத்தைக் காண்பதில்லை. வாரத்தில் ஒருநாட் தமிழ்வகுப்பு இருப்பினும், மற்றை ஆறு நாளும் வீட்டையே சார்ந்தன. அங்குள்ள உறவினர் கேட்கும்போது இப்படிகளை எழுதியனுப்புதல் ஆசிரியர் செய்யத்தக்க எளிய தருமமாகும்.

பிள்ளை முதலாந்தரத்துக்கு வரும்போது, வீட்டிற் கற்றவற்றை ஆசிரியர் மதித்து ஏற்றுக்கொள்க. எழுத்துச் சிறிது கோணியிருந்தாலும், “உன் அம்மா நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறார்” என்று ஒரு சொல்லைச் சொல்லுக. அச்சொல் பிள்ளைக்கு மட்டுமன்று, வாயிலில் நிற்கும் தாய்க்கும் கொடுத்த பரிசாம்.

இத்துணை முயற்சியும் எதன்பொருட்டு? எழுத்தை வெறுத்த பிள்ளை நூலை வெறுக்கும். நூலை வெறுத்த மகன் வீட்டிலே திருமுறைப் புத்தகம் பட்டிற் பொதிந்து பூசையறையில் இருக்கும், திறப்பார் இரார். பதிகங்களைச் செவியாற் கேட்டுச் சொல்லுவோர் சில தலைமுறை நிலவலாம். கண்ணால் வாசித்துப் பொருளுணர்வோர் இல்லையேல் சைவக்கல்வி நிலைபெறாது. அதன் அடித்தளம் மூன்று வயதுப் பிள்ளையின் சுட்டுவிரலில் இடப்படுகின்றது.

மேற்கூறிய படிகளின் இறுதியில், சகரமும் வகரமும் இகரக்குறியும் அறிந்த பிள்ளையிடம் “சிவசிவ” என்று எழுதச் சொல்லுக. செபித்தற்குரிய திருவைந்தெழுத்து ஆசாரியரிடத்தே தீக்கையோடு பெறற்பாலது; அதற்கு உரிய காலம் வரும். இப்பருவத்துக்குச் சிவசிவ என்பதே போதும். அன்று அரிசியிலே பிறர் கைபிடித்து எழுதிய விரல், இன்று ஒருவர் துணையுமின்றி இறைவன் திருநாமத்தைத் தானே எழுதி, தானே வாசிக்கும். அந்நாளிலேதான் அப்பிள்ளைக்கு ஏடு உண்மையாகத் தொடங்கிற்று என்று கொள்ளுக.

சுபம்.